எதிர்த்துப் பேச ஓர் ஆள்

எதிர்த்துப் பேச ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள் என்று வாஷிங்டனிலிருந்து எங்கள் ஊருக்குக் கடிதம் வந்தது. இதைச் சொல்ல வேறு ஊரே கிடைக்கவில்லையா அவர்களுக்கு? கனடா எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற எங்கள் நோர்ட்பியில் ஒருவன் உங்கள் காலின் மேல் டிராக்டரை ஏற்றிவிட்டால்கூட, "பரவாயில்லை, இன்னொரு கால் இருக்கே" என்றுதான் சொல்வீர்கள். சர்ச் விருந்தில் மீனை வாயில் வைக்க முடியாமல் போனால், "இந்த வருஷம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு" என்போம். எங்கள் ஊரில் அதற்கு மேல் திட்டு கிடையாது. இந்த ஊரில் போய் வாக்குவாதத்துக்கு ஆள் தேடு என்றால் எங்கே தேடுவது?

நான் லவோன் நைகார்ட். ஊர் ரேடியோ ஸ்டேஷனில் போன் எடுப்பது என் வேலை. தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு பேச்சு நிகழ்ச்சி உண்டு. யார் வேண்டுமானாலும் போன் செய்து நாட்டு நடப்பைப் பற்றிப் பேசலாம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் உட்கார்ந்து நிகழ்ச்சியை நடத்துபவன் ஆர்லன். என் கணவன்தான். இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து, வருகிற போனை எடுத்து, பேரைக் கேட்டு, அவனுக்கு இணைப்பேன். பேரைக் கேட்பது ஒரு சடங்குதான். இருமலை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவேன். ஊரில் எல்லாருக்கும் அது முடியும்.

அந்த 1974-ஆம் வருஷம் செப்டம்பரில் ஜனாதிபதி ஓர் அறிவிப்பு விட்டார். வியட்நாம் போருக்குப் போகாமல் கனடாவுக்கு ஓடிப்போன பையன்கள் திரும்பி வரலாம். ஜனவரி முடிவதற்குள் வந்து அரசாங்க வக்கீல் முன்னால் நிற்க வேண்டும், உறுதிமொழி கொடுக்க வேண்டும், இரண்டு வருஷம் வரைக்கும் ஆஸ்பத்திரி மாதிரி ஏதாவது ஓரிடத்தில் வேலை செய்ய வேண்டும். செய்தால் வழக்கு கிடையாது. ஜனவரி போனால் கதவு மூடிவிடும். அதற்கப்புறம் ஊர்ப்பக்கம் தலைகாட்டினால் கைதுதான்.

ஆர்லனுக்கு அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. "ஓடினவன் ஓடினவனாவே இருக்கட்டும். போன வழியிலேயே நிக்கட்டும். இங்க யாரும் அவனுக்கு விளக்கேத்தி வச்சுக் காத்துக்கிட்டு இல்லை" என்பான். போன் செய்கிறவர்கள், "சரியாச் சொன்னே ஆர்லன்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் போன் செய்ய மாட்டார்கள். செய்தால் குரல் தெரிந்துவிடும். மதியத்துக்குள் ஊரே உங்களிடம் ரொம்ப அன்பாக நடந்துகொள்ள ஆரம்பித்துவிடும். அதைத் தாங்க யாரால் முடியும்?

எங்களுக்கு ஒரு மகன். டேரல். ராணுவத்துக்கு வரச்சொல்லி ஆணை வந்த வாரமே எல்லை தாண்டி வின்னிபெக் போய்விட்டான். அது நடந்து மூன்று வருஷம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் பேரைச் சொல்லக்கூடாது. சுவரில் அவன் படத்தை நான் எடுக்கவில்லை. ஆர்லனும் எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் திரும்பாமலே வீட்டுக்குள் நடமாட எப்படித்தான் பழகினானோ.

கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டேஷனுக்குச் சொந்தக்காரர் பால்மர் ஓஸ்ட்பி. அவரும் ஆர்லனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பட்டாளம், உலகப் போரில் இத்தாலியில் ஒரே பதுங்குகுழியில் கிடந்து உயிரோடு வந்தவர்கள். பால்மரின் ஒரே பையன் வெய்ன் வியட்நாமில் செத்துப்போனான். வெய்னைப் புதைத்த அதே இலையுதிர் காலத்தில்தான் எங்கள் பையன் எல்லை தாண்டினான். டேரல் ஓடின செய்தி தெரிந்த அன்றைக்கு ஆர்லன் பால்மர் வீடு வரைக்கும் போய், கதவைத் தட்டாமலே திரும்பி வந்தான். மறுநாள் காலையிலிருந்து ரேடியோவில் இந்தப் பேச்சு. பால்மர் முகத்தைப் பார்க்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்த கையோடு ஸ்டேஷன் போன் அடித்தது. எடுத்தேன்.

"அம்மா."

டேரல்தான். ஆர்லன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எப்போதாவது வீட்டுக்குப் பேசுவான். ஸ்டேஷனுக்கு ஒருநாளும் போன் செய்ததில்லை.

"டேய், இங்க எதுக்குடா போன் பண்றே? அப்பா அந்தப் பக்கம்தான் இருக்காரு."

"தெரியும்மா. இப்பத்தான் அவர் பேசி முடிச்சாரு. கேட்டேன்."

"எங்க கேட்டே?"

"இங்கதான். நான் பஸ் கழுவற ஷெட்ல ஒரு ரேடியோ இருக்கு. நம்ம ஸ்டேஷன் நல்லா எடுக்குது. தினமும் கேக்கறேன்."

"தினமுமா? எப்பலேருந்து?"

"வந்ததிலேருந்துதான்."

எங்கள் ஊரிலிருந்து வின்னிபெக் வரைக்கும் ஒரு மேடு கிடையாது. எல்லாம் பீட்ரூட் வயல். குரலுக்கு எல்லைக் காவலா உண்டு? இத்தனை வருஷம் ரேடியோ ஸ்டேஷனில் வேலை பார்க்கிற எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை.

"ஜனவரிக்குள்ள வந்துடலாம்னு இருந்தேம்மா. இங்க ஒரு வக்கீலைக்கூடப் பார்த்துட்டேன்" என்றான். "ஆனா நான் வர்றது அவருக்குப் பிடிக்கலை. ஊருக்கே சொல்லிட்டாரே."

"அது ரேடியோப் பேச்சுடா!"

"எனக்கு அவர் பேசற பேச்சு அது ஒண்ணுதானேம்மா."

"வந்துடுடா" என்றேன். "அவர் சொன்னா வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அப்பன் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது, வேறென்ன.

அன்று சாப்பாட்டு மேஜையில், "ஆர்லன், நம்ம டேரல்..." என்று ஆரம்பித்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகைக்குப் போய்விட்டான். மறுநாளும் முயன்றேன். மறுநாளும் கொட்டகை. அந்தக் கொட்டகையில் பழுது பார்க்கப் பாக்கி ஒன்றுமே இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம்.

நவம்பரில்தான் வாஷிங்டனில் ரேடியோ லைசன்ஸ் கொடுக்கிற ஆபீஸிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. கிராண்ட் ஃபோர்க்ஸ் கல்லூரி வாத்தியார் ஒருவர் புகார் எழுதியிருக்கிறார். இந்த ஸ்டேஷன் இரண்டு மாதமாக ஒரு பக்கத்தை மட்டும்தான் பேசுகிறது என்று. அப்போதெல்லாம் சட்டம் அப்படி. காற்று மக்களுடையது, அதில் பேச லைசன்ஸ் வாங்கினவன் சர்ச்சையான விஷயம் எதையாவது பேசினால் இன்னொரு பக்கத்துக்கும் நியாயமாக இடம் கொடுக்க வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பால்மர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். காபி ஊற்றினார். ஆர்லன் காபியைத் தொடவே இல்லை.

"நான் யாரையாவது பேசாதேன்னு தடுத்தேனா? லைன் திறந்துதானே கிடக்கு!" என்று கத்தினான்.

"திறந்து கிடந்தா போதாதாம்டா. நாமளே போய்த் தேடணுமாம்" என்றார் பால்மர்.

"நல்ல கூத்தா இருக்கே! என்னைத் திட்டறதுக்கு நானே ஆள் பிடிச்சுக் குடுக்கணுமா?"

"ஆமாண்டா. பிடி."

ஒவ்வொரு மணி நேரமும் அறிவிப்பு செய்தோம். பையன்களுக்கு மன்னிப்பு கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து போன் செய்யுங்கள், பேச நேரம் இலவசம். வந்தது ஒரே ஒரு போன். பழைய துணி துவைக்கிற மெஷின் விற்க வேண்டுமாம், அந்த இலவச நேரத்தில் சொல்ல முடியுமா என்றாள் ஒருத்தி. பாதிரியாரைப் போய்க் கேட்டேன். "எனக்கு மனசுக்குள்ள ஒரு கருத்து இருக்கு லவோன். அதை மனசுக்குள்ளயே வச்சுக்கறது நல்லதுன்னு இன்னொரு கருத்தும் இருக்கு" என்றார். இவர் எப்படி ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறார் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

கடைசியில் செல்மர் குவாலெ மாட்டினார். பீட்ரூட் விவசாயி. ஊரில் தான் ஜனநாயகக் கட்சி என்று வெளியே தெரியும்படி வைத்திருக்கும் ஒரே மனிதர். சர்ச்சுக்குப் போகிற கோட்டுப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார்.

"செல்மர், நீ மன்னிப்பு குடுக்கணும்ங்கற கட்சி. சொல்லு, ஏன்?" என்று ஆர்லன் ஆரம்பித்தான்.

"கட்சின்னு பெருசா ஒண்ணும் இல்லை" என்றார் செல்மர். "ரெண்டு பக்கமும் பார்க்கணும்னு நினைக்கறேன். நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கத்தானே செய்யுது."

"நான் சொல்றதை நான் சொல்லிக்கறேன். நீ எதிர்ப்பக்கம்!"

"தெரியுமே. அதுக்குத்தானே கோட்டெல்லாம் போட்டுட்டு வந்திருக்கேன்."

"அப்ப எதிர்த்துப் பேசு!"

"பேசறேன். எனக்கென்னமோ... நீ இவ்வளவு சத்தம் போட வேண்டாம்னு தோணுது. அவ்வளவுதான்."

பிறகு இரண்டு பேரும் பீட்ரூட் விலையைப் பற்றி மீதி நேரம் முழுக்கப் பேசினார்கள். அதில் நன்றாகச் சண்டை வந்தது. பால்மர் என் பக்கத்தில் நின்று கண்ணாடியில் நெற்றியை வைத்து முட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்த செல்மர் என்னிடம் குனிந்து, "ரொம்பக் காரமாப் பேசிட்டேனோ?" என்று கேட்டார். நானும், "கொஞ்சம்" என்று சொல்லி அனுப்பினேன். பாவம், மனுஷன் சந்தோஷமாகப் போகட்டும்.

அன்று மதியம் ஆர்லன் சாப்பிடப் போன பிறகு பால்மர் என் மேஜைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லவோன், நீ பேசறியா?"

"என்னது?"

"எதிர்ப்பக்கம். நீ பேசறியான்னு கேக்கறேன்."

"என்ன கேக்கறோம்னு யோசிச்சுத்தான் கேக்கறீங்களா பால்மர்? நான் பேசினா என் பையனைப் பத்திதான் பேசணும். உங்க முன்னாடி அதை எப்படிப் பேசுவேன்? உங்க..."

"வெய்ன்னு சொல்லு. சொல்லலாம்" என்றார். "யாருமே சொல்றதில்லை. என்னைப் பார்த்ததும் எல்லாரும் அந்தப் பேரை முழுங்கிடறாங்க. ஆர்லன்கூட. அவன் பேரை வாய்விட்டு யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"லைசன்ஸுக்காகக் கேக்கறேன்னு வச்சுக்கோ" என்றார்.

"அப்ப லைசன்ஸுக்காக இல்லையா?"

அவர் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் ஆர்லன் குதித்தான்.

"நீயா? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமே. இந்த ஊர் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை."

"நீ பேசக்கூடாது."

"அரசாங்கம் பேசச் சொல்லுது."

"உன்னையா சொல்லுது?"

"எதிர்ப்பக்கத்தைச் சொல்லுது. மூணு வருஷமா இந்த வீட்டுல எதிர்ப்பக்கம் யாரு? சமையல்கட்டுலயே கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. ஒரு தடவை மைக்ல கத்திக்கறேன்."

வேறு யார் கேட்டிருந்தாலும் முடியாது என்று சொல்லியிருப்பான். கேட்டது பால்மர். பால்மர் கேட்டு இவன் எதையும் மறுத்ததில்லை. எழுந்து கொட்டகைக்குப் போனான்.

டிசம்பர் முதல் வாரம், ஒரு புதன்கிழமை. நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் என் கணவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். என் இடத்தில், போன் முன்னால், பால்மரே உட்கார்ந்துகொண்டார். ஆர்லன் என்னைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்து, "இன்னிக்கு மறுபக்கத்தைப் பேச வந்திருக்கறவங்க, திருமதி நைகார்ட்" என்றான். ஏதோ ரயிலில் பார்த்தவள் மாதிரி. நான் ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதைக் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டுப் பேசினேன்.

இது இனாம் இல்லை, இரண்டு வருஷ வேலை என்றேன். ஆஸ்பத்திரியில் பெட்பான் கழுவுகிறவனும் நாட்டுக்குத்தான் வேலை செய்கிறான் என்றேன். நாற்பது பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு மயக்கம் வரும். ஆனால் அங்கே என் முன்னால் இருந்தது தினம் நான் முட்டை பொரித்துக் கொடுக்கிற முகம்தானே. பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

"திரும்பி வராத பசங்களுக்கு நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?" என்று ஆர்லன் கேட்டான். தினமும் கேட்கிற கேள்விதான். இதற்குப் பதில் சொன்னவர் யாரும் இல்லை.

"அவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை" என்றேன். "வெய்ன் ஓஸ்ட்பி எங்க வீட்டு மேஜைல உக்காந்து சாப்பிட்ட பையன். என் லெஃப்சா ரொட்டியை நின்ன இடத்துலயே தின்னு தீர்த்துட்டு ஓடுவான். அவனை நினைக்காத நாள் கிடையாது. டேரல் வராம இருந்தா வெய்ன் வந்துடுவான்னு சொல்லு. நானே டேரலை வராதேன்னு சொல்லிடறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பால்மர் தலையைக் குனிந்துகொண்டார். ஆர்லன் முகம் சிவந்துவிட்டது. நிகழ்ச்சி நடத்துகிறவன் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் அவனுக்கு மறந்துவிட்டது.

"வரணும்னு நினைக்கறவன் வருவான்" என்றான். "அவன் மனசுல இந்த வீடும் இல்லை, நாமும் இல்லை. ஒரு வார்த்தை உண்டா, மூணு வருஷத்துல?"

"அவன் மனசுல என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? உன் மனசுல என்ன இருக்குன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். தினம் காலைல எட்டு மணிக்குக் கேக்கறானே!"

"என்ன கேக்கறான்?"

"உன்னை! வின்னிபெக்ல நம்ம ஸ்டேஷன் நல்லா எடுக்குதாம். பஸ் கழுவிக்கிட்டே கேக்கறான். அங்க போன நாள்லேருந்து ஒரு நாள் விடலை. இந்த நிமிஷமும் கேட்டுட்டுதான் இருப்பான். ஊர்கிட்டப் பேசறதா நீ நினைச்சுக்கிட்டே. மூணு வருஷமா நீ உன் பையன்கிட்டதான் பேசிட்டு இருந்திருக்கே ஆர்லன். வராதே, வராதேன்னு."

ரேடியோவில் யாரும் பேசாமல் இருக்கக்கூடாது. பேச்சு நின்றால் ஜனங்கள் தங்கள் பெட்டி கெட்டுப்போனதென்று தட்டிப் பார்ப்பார்கள். ஆர்லன் தன் வாழ்நாளில் ஒரு மூச்சு இடைவெளி விட்டதில்லை. அன்று வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. மைக்கைப் பார்த்தான். ஏதோ அதன் உள்ளே பையன் உட்கார்ந்திருக்கிற மாதிரி பார்த்தான். இந்த மூன்று வருஷம் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு அவன்மேல் அப்படி ஓர் இரக்கம் வந்தது. ஏன் இப்படி ஊரறியச் சொன்னோம் என்றுகூட ஆகிவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு பால்மர் உள்ளே வந்தார். என் தோளுக்கு மேலே குனிந்து என் மைக்கில் பேசினார்.

"நான் பால்மர் ஓஸ்ட்பி. ஸ்டேஷன் என்னோடது" என்றார். ரேடியோவில் அவர் குரலை ஊர் அதுவரை கேட்டதில்லை. "ஆர்லன், நீ வெய்னுக்காகத்தான் இப்படிப் பேசறேன்னு எனக்குத் தெரியும். நான் உன்னைக் கேக்கலைடா. அவனும் கேட்டிருக்க மாட்டான். என் வீட்டுல பையன் இல்லை. உன் வீட்டுல இருக்கான். இருக்கறவனை இல்லை இல்லைன்னு சொல்லிட்டு இருக்கியே, அதைக் கேட்டுட்டு உக்கார என்னால முடியலை."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வெளியே போய், போன் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

நிகழ்ச்சி நேரம் முடிந்திருந்தது. அடுத்து சாலை நிலவரம் வாசிக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறை கொடுத்த காகிதத்தை ஆர்லன் கையில் எடுத்தான். ஃபார்கோ பக்கம் சாலை பனியில்லாமல் காய்ந்திருக்கிறது. கிராண்ட் ஃபோர்க்ஸ் பக்கம் காய்ந்திருக்கிறது. அங்கிருந்து வடக்கே பெம்பினா எல்லை வரைக்கும் காய்ந்திருக்கிறது. காகிதம் அதோடு முடிந்துவிடும். எங்கள் நாடே அதோடு முடிந்துவிடுகிறது. ஆர்லன் காகிதத்தைக் கீழே வைத்தான். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை.

"எல்லைக்கு அந்தப் பக்கமும் காஞ்சுதான் இருக்கும்னு நினைக்கறேன்" என்றான். தொண்டையைச் செருமினான். "சனிக்கிழமை பனி இறங்குது. வர்றவங்க யாரா இருந்தாலும் அதுக்கு முன்னாடி வந்துடறது நல்லது."

மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"வண்டியில ஒரு போர்வை வச்சுக்கோ" என்றான். "மெழுகுவர்த்தியும் வச்சுக்கோ, பனியில சிக்கினா குளிருக்கு ஆகும். கிளம்பறதுக்கு முன்னாடி டயரைப் பாரு. வேகமா வராதே."

அவ்வளவுதான். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அடுத்த பாட்டைப் போட ஆள் இல்லாமல் பால்மர் ஓடி வந்தார். மூன்று வருஷமாக நான் கேட்ட ஒரு வார்த்தையை இந்த மனுஷன் சாலை நிலவரத்தில்தான் சொல்ல வேண்டுமா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

போனில் எல்லா லைனுக்கும் விளக்கு எரிந்தது. அன்று மதியம் வரைக்கும் நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். எதிர்ப்பக்கத்தைப் பற்றியோ மன்னிப்பைப் பற்றியோ ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு மெத்தை இருக்கிறது, வேண்டுமா என்றாள் ஒருத்தி. பையனுக்கு இன்னும் ருபார்ப் தண்டில் செய்கிற இனிப்பு பிடிக்குமா என்று இன்னொருத்தி. பெம்பினாவில் தன் மச்சான் பழுது வண்டி இழுக்கிற லாரி வைத்திருக்கிறான், சும்மா தகவலுக்குச் சொல்கிறேன் என்றார் ஒருவர். செல்மரும் போன் செய்தார். "அன்னிக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான் லவோன்" என்றார். பால்மர் வாஷிங்டனுக்கு எழுதிய பதில் இரண்டே வரி. தேடினோம், கிடைத்தது, பேசியாகிவிட்டது என்று.

டேரல் போன் செய்யவில்லை. வியாழக்கிழமை முழுக்கக் காத்திருந்தேன். ஆர்லன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் போன் மணி அடிக்கும்போதெல்லாம் செய்தித்தாளை இறக்கி என் முகத்தைப் பார்ப்பான். நான் இல்லை என்று தலையசைத்தால் மறுபடி தூக்கிக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஆர்லன் மண்வெட்டியை வைத்துக்கொண்டு வாசல் பாதையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒரு பிடி பனி கிடையாது. வெறும் மண். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நான் உருளைக்கிழங்கு உரித்தேன். இரண்டு பேருக்குத் தேவையானதைவிட எவ்வளவோ அதிகமாக உரித்துவிட்டேன். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பழைய பச்சை நிறக் கார் வளைவில் திரும்பி, வாசலுக்கு வெளியிலேயே நின்றது. உள்ளே வரவில்லை.

ஆர்லன் மண்வெட்டியைக் கீழே போடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே கார் பக்கம் நடந்தான். நான் கை துடைக்காமல் ஓடினேன். டேரல் இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றான். இளைத்துப்போயிருந்தான். தாடி விட்டிருந்தான். பின்சீட்டில் ஒரு போர்வை மடித்துக் கிடந்தது.

"ரோடு எப்படி இருந்துது?" என்று ஆர்லன் கேட்டான்.

"காஞ்சிருந்துதுப்பா."

"அப்படித்தான் சொன்னேன்."

"கேட்டேம்ப்பா" என்றான் டேரல். "எல்லாத்தையும் கேட்டேன்."

ஆர்லனின் முகம் கோணிக்கொண்டது. எல்லாத்தையும் என்றால் மூன்று வருஷம். மண்வெட்டி அவன் கையிலிருந்து விழுந்தது. ஒரு நாளும் பேச்சுக்குத் தடுமாறாத அந்த மனுஷன், பையனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் வராமல், நடுவாசலில் நின்று அழுதான். டேரல் அவனைப் பிடித்துக்கொண்டான். நானும் போய் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எதிர்த்துப் பேச எனக்கு ஒன்றுமே இல்லை.